பேன் உடம்பில், செள்ளு கூட்டில்

வீட்டுக்கோழி சொறிந்துகொண்டே நின்றால் நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கோழியைப் பிடித்து வேப்பெண்ணெய் தடவுவார்கள். இல்லாவிட்டால் மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த மருந்தைத் தண்ணீரில் கலந்து கோழியை முக்கி எடுப்பார்கள். சில வீடுகளில் தொல்லை அதோடு தீர்ந்துவிடுகிறது. வேறு சில வீடுகளில் ஒரு வாரம் போவதற்குள் கொண்டை வெளுத்து, கோழி மறுபடியும் சோர்ந்து நிற்கிறது. அடையில் உட்கார்ந்த கோழி முட்டையை விட்டுவிட்டு எழுந்து ஓடுகிறது. மருந்து போலி என்று கடைக்காரர்மேல் பழி விழுகிறது. மருந்தில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. கூட்டில் ஊற்ற வேண்டியதைக் கோழிமேல் ஊற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

கோழியை வெளியிலிருந்து அரிக்கும் உயிர்கள் பல உண்டு. அவற்றில் புறக்கடையில் அன்றாடம் தொல்லை தருபவை இரண்டு: பேனும் செள்ளும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால் எத்தனையோ கோழிகளை நாம் வீணாக இழக்கிறோம். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

பேன் ஆறு கால் பூச்சி. மனிதத் தலைப்பேனைப் போல ஊசி வாயால் இரத்தம் உறிஞ்சுவதில்லை. கடித்து மெல்லும் வாய் கொண்டது. இறகுத் துகள், தோல் செதில், இளம் இறகின் குருத்து ஆகியவைதான் அதன் உணவு. உடற்பேன் மட்டும் குருத்திறகைக் கடித்து, அதில் கசியும் இரத்தத்தையும் குடிக்கும். முட்டையிலிருந்து சாவு வரை கோழியின் மேலேயே அதன் வாழ்வு கழிகிறது. கோழியை விட்டு இறங்கினால் ஒரு வாரம் கூடத் தாங்காது.

செள்ளுக்கு எட்டு கால். சிலந்தி, தேள் வகையைச் சேர்ந்தது. பூச்சி இனமே அல்ல. அறிவியலில் இதற்கு டெர்மனிசஸ் கல்லினே என்று பெயர். முழு வளர்ச்சியிலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. பசித்திருக்கும்போது சாம்பல் நிறம். குடித்து முடித்ததும் சிவப்பு. பகலெல்லாம் கூட்டின் இடுக்கில், கட்டையின் அடிப்பக்கத்தில், மூங்கில் பின்னலின் கண்ணிகளில் ஒளிந்து கிடக்கும். இருட்டியதும் வரிசையாக வெளியேறிக் கோழியின் காலில் ஏறி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பவும் இடுக்குக்குப் போய்விடும். முட்டையிடுவதும் அந்த இடுக்கில்தான். கோழி அதற்குச் சாப்பாட்டுக் கடை, வீடு கூடுதான்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடுகளும் கிளைக்கின்றன.

முதலில் கண்டுபிடிக்கும் முறை. பேனைப் பகலில் பார்க்கலாம். கோழியை மடியில் மல்லாத்திப் பிடித்து, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள மென்னிறகை இரண்டு கட்டைவிரலாலும் விலக்கினால் போதும். வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்ன உயிர்கள் வெளிச்சம் பட்டதும் தோலின்மேல் விறுவிறுவென்று ஓடி அடுத்த இறகுக்குள் நுழைவது தெரியும். இறகின் அடித்தண்டைப் பாருங்கள். சர்க்கரை ஒட்டிக்கொண்டதுபோல் வெள்ளையாக ஒரு கொத்து இருந்தால் அது பேன் முட்டை. விரலால் தேய்த்தாலும் உதிராது, பசைபோட்டு ஒட்டியிருக்கும்.

செள்ளைப் பகலில் கோழிமேல் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. “நன்றாகப் பார்த்தேன், ஒரு பூச்சி கூட இல்லை” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்த நேரம் சரியில்லை. பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சுடன் போக வேண்டும். கோழி அடையும் கட்டையின் அடிப்பாகத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் செந்நிறக் கோடு இழுபட்டால் அது குடித்து வயிறு நிறைந்த செள்ளு நசுங்கிய இரத்தம், உங்கள் கோழியின் இரத்தம். பகலிலும் தடயம் கிடைக்காமல் போகாது. கட்டையும் சுவரும் சேரும் மூலையில், பலகை இணையும் இடத்தில், உப்பும் மிளகுத்தூளும் கலந்து கொட்டியதுபோல் சாம்பல் நிறத் துகள் படிந்திருக்கும். அது செள்ளின் உரித்த தோலும் கழிவும். முட்டை ஓட்டில் சிவப்புப் புள்ளி இருப்பதும் ஓர் அறிகுறி. சாயங்காலம் கூட்டுக்குள் போக மறுத்து, வேப்பமரக் கிளையில் ஏறி உட்காரும் கோழி திமிர் பிடித்ததல்ல. கூட்டுக்குள் என்ன காத்திருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

அடுத்தது கேடு. இதில் என் கருத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வளர்ந்த, திடமான நாட்டுக்கோழியில் நாலைந்து பேன் இருப்பது பெரிய விபரீதமில்லை. கோழி தன் அலகால் இறகைக் கோதியும் புழுதியில் புரண்டும் அவற்றை அடக்கி வைத்துக்கொள்ளும். அலகு வெட்டப்பட்ட கோழிகளில் பேன் பெருகுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேலலகின் நுனி இல்லாமல் சரியாகக் கோத முடியாது என்பதே காரணம். ஆகவே ஒரு கோழியில் மட்டும் திடீரென்று பேன் மொய்த்தால், “பேன் வந்ததால் கோழி நோயாளி ஆயிற்று” என்று முடிவு கட்டுவதற்கு முன் எதிர்ப்பக்கத்திலிருந்தும் யோசித்துப் பாருங்கள். குடற்புழுவோ வெள்ளைக்கழிச்சலோ முதுமையோ அதைச் சோர்வாக்கி, கோதுவதை நிறுத்தியிருக்கலாம். அந்த இடைவெளியில் பேன் பெருகியிருக்கலாம். பேனை மட்டும் கொன்றுவிட்டு உள்ளே இருக்கும் நோயை விட்டுவிட்டால் கோழி தேறாது.

செள்ளு அப்படியல்ல. கோழி எவ்வளவு திடமாக இருந்தாலும் தூங்கும்போது கோதிக்கொள்ள முடியாது. செள்ளுக்கு அது போதும். ஒரு செள்ளு ஒருவேளைக்குக் குடிப்பது சுமார் 0.2 மில்லிகிராம் இரத்தம், பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் செள்ளு ஒருமுறை குடித்தால் 0.2 கிராம். 1.25 கிலோ எடையுள்ள சிறுவிடைக் கோழியின் உடம்பில் ஓடுவது 80 முதல் 90 மில்லி இரத்தம், அது தாங்கிக்கொள்ளும். அன்று பொரித்த 30 கிராம் குஞ்சின் உடம்பில் இருப்பதோ இரண்டரை மில்லிக்கும் குறைவு. அந்த ஆயிரமும் ஒரே குஞ்சின்மேல் ஏறினால், ஒரே இரவில் அதன் இரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். காலையில் குஞ்சு கவிழ்ந்து கிடக்கும். பூனையோ கீரியோ வந்ததற்கான காயம் ஒன்றும் இருக்காது. “ராத்திரி நன்றாகத்தானே இருந்தது” என்று வீட்டில் வியப்பார்கள். வளர்ந்த கோழிக்கும் ஆபத்து இல்லாமலில்லை. செள்ளு பல்லாயிரமாகப் பெருகிய கூட்டில் கொண்டையும் தாடியும் வெளுத்து, முட்டை குறைந்து, இரத்தசோகையிலேயே கோழிகள் செத்திருக்கின்றன. சால்மொனெல்லா கிருமியைச் செள்ளு சுமப்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

மனிதர்கள் விஷயத்திலும் இரண்டும் ஒன்றல்ல. கோழிப்பேன் நம் கையில் ஏறினால் ஊர்ந்துவிட்டுச் சாகும், நம்மேல் குடியேறாது. செள்ளு நம்மையும் கடிக்கும். கூட்டைத் திறந்து முட்டை எடுப்பவர்களுக்கு முழங்கைக்குக் கீழே சிவந்த தடிப்பும் அரிப்பும் வந்தால் கோழிக்கூட்டின் நினைவு வர வேண்டும். கோழிகளை விற்றுவிட்டுக் கூட்டைச் சும்மா போட்டுவிட்ட பிறகு அரிப்பு அதிகமாவதும் உண்டு. சாப்பாடு இல்லாமல் போன செள்ளு வீட்டுக்குள் வரும்.

இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தங்கள் முழு வலிமையையும் காட்டுவது அடைக்கூடையில். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

அடையில் உட்கார்ந்த கோழி 21 நாள் அசையாது. நாளுக்கு ஒருமுறை தண்ணீருக்கும் தீனிக்கும் எழுந்தால் உண்டு. புழுதியில் புரள நேரமில்லை. பகலிலும் கூடைக்குள் இருட்டு, வெதுவெதுப்பு, கோழியின் மூச்சில் ஈரம். நல்ல வெப்பத்தில் செள்ளின் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது தானே முட்டையிடும் தாயாகிவிடும். அதாவது குஞ்சு பொரிப்பதற்குள் செள்ளுக்கு இரண்டு முழுத் தலைமுறை தாண்டிவிடும். ஒரு தாய் தன் ஆயுளில் 30 முட்டை வரை இடும். முதல் நாள் கூடையின் கண்ணிகளில் இருபது முப்பது இருந்தால், கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே தலை நீட்டும் நாளில் அவை எவ்வளவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது வாரத்தின் கடைசியில் கோழி அடையை விட்டு எழுந்து ஓடுவது இதனால்தான். “இந்தக் கோழிக்கு அடை காக்கத் தெரியவில்லை” என்று அதைக் குழம்புக்கு அனுப்பிவிடுகிறோம். அடுத்த கோழியை அதே கூடையில், அதே பழைய வைக்கோலின்மேல் உட்கார வைக்கிறோம்.

பேனும் அடைக்கூடையில் சும்மா இருப்பதில்லை. அதன் தலைமுறைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்; செள்ளின் வேகம் இல்லை. ஆனால் குஞ்சு பொரித்த அன்றே தாயின் இறகிலிருந்து குஞ்சின் தலைக்கு ஏறுவது பேன்தான். தலைப்பேன் குஞ்சின் உச்சியிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டால் குஞ்சு தீனி எடுக்காமல் வாடும். நிறைய இருந்தால் செத்தும் போகும். ஆகவே அடை வைப்பதற்கு முன்பே இரண்டு வேலையையும் முடித்துவிட வேண்டும்: கோழியின் பேனைத் தீர்ப்பது, கூடையின் செள்ளைத் தீர்ப்பது. அடையில் உட்கார்ந்த பிறகு கோழிக்கு எண்ணெய் தடவாதீர்கள். இறகில் பட்ட எண்ணெய் முட்டை ஓட்டில் படியும். ஓட்டின் நுண்துளை அடைபட்டு உள்ளே கரு மூச்சு முட்டிச் சாகும். பேனுக்கு மருந்து பார்த்து முட்டையைக் கூமுட்டையாக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

வைத்தியத்துக்கு வருவோம். பேனுக்கு மருந்து கோழிமேல் போக வேண்டும். ஒவ்வொரு கோழிக்கும், ஒன்றுகூட விடாமல். எச்சத்துவாரம், இறக்கையின் அடி, கழுத்து ஆகிய மூன்று இடமும் முக்கியம். முட்டைக்கொத்து ஒட்டிய இறகுகளைக் கத்தரித்து எரித்துவிடுங்கள். எந்த மருந்தும் அந்த முட்டைக்குள் சரியாகப் போகாது. அதனாலேயே பத்தாம் நாள் வாக்கில் மறுமுறை மருந்து போட வேண்டும். முட்டைக்குள் தப்பியவை நாலிலிருந்து ஏழு நாளில் பொரித்து வெளியே வந்திருக்கும். முட்டையிடும் பருவத்துக்கு இன்னும் வந்திருக்காது. இரண்டாம் சுற்றைத் தவறவிட்டால் முதல் சுற்று வீண்.

அதற்குப் பிறகு கோழியே தன்னைப் பார்த்துக்கொள்ள வழி செய்யலாம். மழை படாத ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு பள்ளம் இருந்தால் கோழி தானாகப் போய்ப் புரளும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் செய்து 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புரளும் பெட்டியில் கயோலின் களிமண், டயட்டம் மண், கந்தகத்தூள் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் உடற்பேன் பெருமளவு குறைந்தது. களிமண்ணையும் டயட்டம் மண்ணையும் எடுத்துவிட்டதும் திரும்பப் பெருகியது. ஆகவே புழுதிக்குளியல் என்றைக்கும் இருக்க வேண்டிய ஏற்பாடு, ஒருநாள் வைத்தியமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பள்ளம் சேறாகிவிடுகிறது. பேன் பெருகுவதும் அப்போதுதான். மேலே ஒரு தகரம் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இத்தனை நல்ல புழுதிக்குளியலும் கூட்டுச் செள்ளிடம் பெரிதாகப் பலிக்காது. கோழி புரளுவது பகலில். அந்த நேரத்தில் செள்ளு கோழிமேல் இருப்பதில்லை.

செள்ளுக்கு வைத்தியம் கூட்டில் தொடங்கிக் கூட்டிலேயே முடிகிறது. கோழிகளை இரண்டொரு நாள் வேறு இடத்தில் அடைத்துவிட்டு, கூட்டில் உள்ள வைக்கோல், உமி, பழைய சாக்கு எல்லாவற்றையும் வெளியே இழுத்து எரித்துவிடுங்கள், குப்பைமேட்டில் கொட்டாதீர்கள். சுரண்டிப் பெருக்கி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஒவ்வொரு இடுக்கிலும் ஊற்றுங்கள். கல்லும் இரும்பும் ஆன கூடாக இருந்தால் தீப்பந்தத்தை இடுக்கோடு ஓட்டலாம். காய்ந்ததும் விரிசல்களை சிமெண்டோ களிமண்ணோ கொண்டு அடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். செள்ளு 45 டிகிரிக்கு மேல் தாங்காது. பஞ்சாரத்தையும் அடைக்கூடையையும் சித்திரை, வைகாசி வெயிலில் பாறைமேலோ மொட்டை மாடியிலோ நாள் முழுதும் கவிழ்த்துப் போடுவது செலவில்லாத மருந்து. மற்ற மாதங்களில் வெந்நீர்தான் நம்பகமானது. மருந்து தெளிப்பதானால் அதுவும் கூட்டின் இடுக்குகளில். ஐந்திலிருந்து ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. பேனுக்குப் பத்து நாள் பொறுக்கலாம். செள்ளுக்கு அந்த அவகாசம் கொடுத்தால் அதற்குள் அடுத்த தலைமுறை முட்டையிட்டுவிடும்.

கூட்டைச் சில வாரம் காலியாகப் போட்டால் செள்ளு பட்டினியில் செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. குளிர்ந்த, ஈரமான சூழலில் எட்டு மாதம் வரை இரத்தமில்லாமல் அது பிழைத்திருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வெக்கையில் அவ்வளவு நாள் தாங்காது என்றாலும், இதை நம்பிக் கூட்டைச் சுத்தம் செய்யாமல் விடுவது சரியல்ல. கட்டையை மட்டும் ஒரு மாற்று வழியில் காக்கலாம். மடிப்பு அட்டைப்பெட்டியைக் கீற்றாக வெட்டிக் கட்டையின் அடியில் கட்டிவிடுங்கள். செள்ளு அதன் குழல்களுக்குள் போய் ஒளியும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டுப் புதியது கட்டுங்கள்.

நாட்டு மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. நொச்சி இலையையும் வேப்பிலையையும் அடைக்கூடையில் பரப்புவதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் சுத்தம் செய்த கூடையில். அவை விரட்டும், ஏற்கெனவே கண்ணிகளில் குடியிருக்கும் கூட்டத்தைக் கொல்லாது. வசம்புத்தூள் பேனுக்கு உதவும். சீதாப்பழ விதைத்தூளும் பேனைக் கொல்லும். கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும் என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். புகையிலைத் தண்ணீரில் குஞ்சை முக்குவதை நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் தோல் வழியே ஏறும். மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும்.

கடை மருந்துகளில் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைகள் பேனைக் கொல்கின்றன. செள்ளு பல நாடுகளில் இவ்வகை மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டது. அடித்தும் சாகவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் மருந்தை மாற்றக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மீனுக்கும் தேனீக்கும் இவை கொடிய நஞ்சு. கழுவிய தண்ணீர் குளத்துக்குப் போகக் கூடாது. ஐவர்மெக்டின் ஊசியையோ சொட்டையோ பலர் சர்வரோக நிவாரணியாக நினைக்கிறார்கள். அது இரத்தத்தில் கலந்து வேலை செய்யும் மருந்து. இறகு தின்னும் பேனுக்கு இரத்தம் பெரிதாகத் தேவையில்லை. செள்ளோ கொஞ்ச நேரமே குடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஆக இரண்டிலுமே அது எதிர்பார்த்த அளவு பலிப்பதில்லை. முட்டையில் மட்டும் மருந்து தங்கும்.

2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே செள்ளை ஒழிக்கப் போய்த்தான் பெரிய விபத்து நேர்ந்தது. தாவர எண்ணெய் சார்ந்தது என்று விற்ற ஒரு மருந்தில் ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தெரியவந்து, ஐரோப்பாவின் பல நாடுகளில் பல லட்சம் முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. உணவுக்கான விலங்குகளில் ஃபிப்ரோனிலுக்கு அங்கே தடை. நம் ஊரில் அதே ஃபிப்ரோனில் நெல்லுக்கும் கரும்புக்கும் உரக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. வயலுக்கு வாங்கியதில் மிச்சத்தைக் கோழிக்கூட்டில் தெளிக்காதீர்கள். அந்த முட்டையைச் சாப்பிடுவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

இவ்வளவு தெளிவாகப் பிரித்த பிறகு ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். ஓர்னிதோனிசஸ் என்னும் இன்னொரு வகைச் செள்ளு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பார்க்க அதேபோலத்தான் இருக்கும், ஆனால் பகலிலும் கோழிமேல் தங்கும். எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகு கரி பூசியதுபோல் கறுத்திருந்தால் அது இதன் வேலை. இதில் வெப்பநாட்டு வகை ஒன்று அடைக்கூடையிலும் ஏராளமாக முட்டையிடும். இதற்குக் கோழி, கூடு இரண்டையும் ஒரே நாளில் பார்த்தாக வேண்டும். கோழி உண்ணியையும் செள்ளின் பக்கத்திலேயே சேர்க்கலாம். அதுவும் இடுக்குவாசி, இரவில் குடிப்பது. ஸ்பைரோகீட் காய்ச்சலைப் பரப்புவதால் செள்ளைவிடக் கொடியது. பச்சைக் கழிச்சலோடு காய்ச்சலும் இருந்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

சந்தையில் வாங்கிய கோழி பேனைக் கொண்டுவரும். செள்ளு பழைய கூடு, இரவல் கூடை, முட்டை அட்டை, கூரையில் கட்டிய மைனா கூடு வழியாகவும் வரும். ஆகவே புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே வைத்து இறகை விலக்கிப் பார்ப்பதும், இரவல் கூடையை வெந்நீரில் ஊறவைக்காமல் உள்ளே விடாததும் இரண்டு தனித்தனிப் பழக்கங்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கையில் நேரமும் காசும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால் தயங்காமல் கூட்டைத்தான் சொல்வேன். அடுத்த அடை வைப்பதற்கு முன் ஓர் இரவு டார்ச்சும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு உங்கள் கூட்டைத் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால், அடையை ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டுக் கூட்டை வெந்நீரில் கழுவுங்கள்.